மீதி ஒன்று

ஆயிரத்து இருநூற்று முப்பத்தேழு நாட்கள் அவன் என்னோடு இருந்தான். ஒரு குடையில் தொடங்கி ஒரு வாசற்படியில் முடிந்தது. குடை அவனுடையது. வாசற்படி எங்கள் அலுவலகத்தினுடையது.

அந்தப் படியில் நின்றுதான் சொன்னான். "மனசுல எதுவும் வச்சுக்காத. நமக்குள்ள அப்படி என்ன இருந்துச்சு சொல்லு? ஒண்ணா டீ குடிச்சோம். அவ்வளவுதானே? யாராவது கேட்டா அதையே சொல்லு."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை.

நாள் கணக்கை அன்று நான் போடவில்லை. பிறகுதான் போட்டேன். அதற்கு வேறு காரணம் இருந்தது.

நாங்கள் எண் விற்பவர்கள். சொன்னால் சிரிப்பார்கள். டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். கல்யாணம் நிச்சயமானவர்கள் படியேறி வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்து, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்தோ மோதிரத்தின் உள்பக்கம் பொறித்தோ கொடுப்போம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். "உங்களைப் போலவே இதையும் யாராலும் பிரிக்க முடியாது" என்று வாசலில் பலகை இருக்கும். அந்த வாசகம் முதலாளியம்மாவுடையது. அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கடை தொடங்குவதற்கு முன்னால் அக்கா இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். "பயத்தை வித்துட்டு இருந்தேன், இப்போ ஆசையை விக்கறேன். சரக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

நான் கணக்கில் முதுகலை. கடைசி மேசை என்னுடையது. எண்களைத் தேடி எடுப்பது என் வேலை. எடுத்த எண் உண்மையிலேயே பகா எண்தானா என்று சோதிக்கும் இணையப் பக்கம் அவனுடையது. வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே தங்கள் எண்ணை அதில் போட்டுப் பார்க்கலாம். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அவன் பச்சை கொடுக்காமல் எந்த எண்ணும் எங்கள் கடைப்படி இறங்கியதில்லை.

உயரத்துக்காக அவனை ஆறடி என்பார்கள். என்னை மியூட் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான். பகலில் நாலு பேர் முன்னால், "மியூட், கொஞ்சம் சத்தம் குறைச்சுப் பேசு, காது வலிக்குது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். சாயங்காலம் வேறு தெருவில் காத்திருந்து மன்னிப்புக் கேட்பான். "ஆபீஸ்ல தெரியக் கூடாது. அக்காவுக்குப் பிடிக்காது. உனக்குத்தான் கெட்ட பேரு." மூன்று வருடத்துக்கும் மேலாக நாங்கள் வேறு வேறு பேருந்தில் வந்து இறங்கினோம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேசாதவளிடம் ரகசியம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பிறகு அவனுக்குப் பல் வலித்தது. அக்காவின் தங்கை பல் டாக்டர். படிப்பை முடித்து இரண்டு தெரு தள்ளி அப்போதுதான் கிளினிக் திறந்திருந்தார். இவன் போனான். ஒரு பல்லுக்கு ஐந்து முறை போனான். ஒரு பல்லில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

வாசற்படிப் பேச்சு முடிந்த இருபதாவது நாள் அக்கா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. "நீ இளைச்சுட்டே வர்றே, பொண்ணு." நான் இரண்டையும் தின்றேன்.

அன்று மதியமே அவன் என் மேசைக்கு வந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"எங்க மோதிரத்துக்கு நம்பர் நீதான் எடுக்கணும்."

நான் அவனைப் பார்த்தேன்.

"வேற யாரு இருக்கா? உன் கைக்கு ராசி உண்டு. பதினொரு இலக்கம். அதுக்கு மேல உள்பக்கம் அடங்காது. பதினொண்ணாம் தேதி கல்யாணம், அதனால பதினொண்ணுல தொடங்கணும். ஏழு வரக் கூடாது, அவளுக்கு ஏழு பிடிக்காது. சரியா?"

தலையாட்டினேன்.

"இதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. எதையும் மனசுல வச்சுக்க மாட்டே" என்று என் மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவனுடைய சோதனைப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

ஒரு பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பெரிய எண்ணாலேயே வகுக்க வேண்டும். பகா எண் என்றால் மீதி ஒன்றுதான் வரும். பிறகு மூன்றை வைத்து அதே சோதனை, ஐந்தை வைத்து, ஏழை வைத்து. வகுபடும் எண்ணாக இருந்தால் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை. அவன் பக்கம் இப்படிப் பத்துக் கேள்வி கேட்கும். பத்துக்கும் மீதி ஒன்று என்றால் பச்சை.

ஆனால் சில எண்கள் பொய்யர்கள். உள்ளே வகுபடுகிறவை. இருந்தும் இரண்டை வைத்துக் கேட்டாலும் மூன்றை வைத்துக் கேட்டாலும் கூசாமல் மீதி ஒன்று என்றே சொல்லும். கேள்வியை எத்தனை மாற்றினாலும் பதில் மாறாது. கேட்கும் எண்ணே அதன் ரகசியக் காரணியாக அமைந்தால்தான் பிடிபடும். இவற்றைப் பற்றிக் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். ஆகவே அந்தப் பக்கத்தில் இரண்டாவது சோதனை ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தேன். அடுக்கை உயர்த்திக்கொண்டு போகும் வழியில், கடைசிப் பதில் வருவதற்கு முன்பே நடுவில் நிறுத்தி மீதியைப் பார்ப்பது. பொய்யன் முடிவில்தான் சரியாகச் சொல்லும். நடுவில் நிறுத்திக் கேட்டால் உளறும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை அவன் எடுத்துப் போட்டான். கூட்டத்தில் அக்காவின் முன்னால்.

"இந்த இருபது வரி எதுக்கு மியூட்?"

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் என் குரல் போய்விட்டது.

"அப்படிப்பட்ட நம்பர் எத்தனை இருக்கும்?"

"பத்தாயிரம் கோடிக்குள்ள மூவாயிரத்து அறுநூத்தி அஞ்சு."

"கேட்டீங்களாக்கா! ரெண்டு கோடியில ஒண்ணுகூடத் தேறல. வராத திருடனுக்கு வாசல்ல நாலு பூட்டு. இதனால பக்கம் மெதுவா ஆகுதுக்கா."

மெதுவாகவில்லை. இரண்டு சோதனைக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். அது அவனுக்கும் தெரியும். அன்று சாயங்காலம் வேறு தெருவில் காத்திருந்து உண்மையைச் சொன்னான். "எனக்குப் புரியலடி. புரியாத ஒண்ணு என் பேரு போட்ட பக்கத்துல இருந்தா, நாளைக்கு யாராவது கேட்டா நான் முழிக்கணுமா?"

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் என்னிடம் மட்டும்தான் இப்படி ஒப்புக்கொள்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது எனக்கு ஒரு பொய்யன் வேண்டும்.

அப்படிப்பட்ட எண்ணைச் செய்ய ஒரு எளிய வழி உண்டு. முதலில் ஒரு பகா எண். அதன் இரு மடங்கில் ஒன்று குறைத்தால் இரண்டாவது. மும்மடங்கில் இரண்டு குறைத்தால் மூன்றாவது. முதல் எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது ஆறால் வகுபட வேண்டும். மூன்றுமே பகா எண்களாக அமைந்துவிட்டால் மூன்றையும் பெருக்கு. வந்து நிற்பது நல்ல பொய்யன். இரண்டு பேர் மோதிரத்துக்குள் மூன்று பேர்.

மதிய உணவு நேரத்தில் தேடினேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒளித்துச் செய்ய எதுவுமில்லை, எண் தேடுவதுதானே என் வேலை? பதினொரு இலக்கத்தில், பதினொன்றில் தொடங்கி, இந்த வழியில் கிடைத்தது ஒன்றே ஒன்று.

11346205609.

ஏழு இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தேழு. ஒற்றைப்படை. பார்க்க நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. அதன் மூன்று காரணிகளையும் பார்த்தேன். அவற்றில் சின்னதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் நாட்காட்டியை எடுத்து எண்ணினேன்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது என் கையில்தான் இருந்தது. என்னைப் பிடித்திருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து எண்ணினால் கணக்கு இடிக்கும். குடை பிடித்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக இருந்தது. குடை பிடித்தபோதே அவன் இடது தோள் முழுக்க நனைந்திருந்தது. அதை எண்ணாமல் எதை எண்ணுவது?

எண்ணை அவனுக்கு அனுப்பினேன். என் கண் முன்னால் தன் பக்கத்தில் அதைப் போட்டான். இரண்டுக்கு மீதி ஒன்று. மூன்றுக்கு மீதி ஒன்று. ஐந்துக்கு, ஏழுக்கு, பதினொன்றுக்கு. வரிசையாகப் பத்து ஒன்று. திரை பச்சையானது.

"பிரமாதம்" என்றான். "சொன்னேன்ல, கைராசி."

நடுவில் நிறுத்திக் கேட்கும் அந்த இருபது வரி மட்டும் இருந்திருந்தால் அங்கேயே சிவப்பு விழுந்திருக்கும். நானும் அவமானத்தோடு வேறு எண் தேடப் போயிருப்பேன். அந்த வரிகளை எடுத்தது நான் அல்ல.

இதை வெளியே சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்கு எண்ணமே இல்லை. அவன் விரலில் ஆயுசு முழுக்க அது கிடக்கட்டும். கை கழுவும்போதும் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தோலை ஒட்டிக் கிடக்கட்டும். அவனுக்குத் தெரியக்கூட வேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும். அந்த வாரம் முழுக்க எனக்கு நன்றாகப் பசித்தது.

மோதிர அளவு கொடுக்கப் பல் டாக்டர் வந்தார். அவன் வெளியே போயிருந்தான். அளவு வளையங்களை ஒவ்வொன்றாக விரலில் மாட்டிப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க ரொம்ப நாளா அவர்கூட வேலை பாக்கறீங்க. எனக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களா?"

நான் அளவு வளையங்களைப் பார்த்தேன்.

"இருந்திருந்தாலும் பரவாயில்ல. எனக்கும் ஒருத்தர் இருந்தாரு, அதை அவர்கிட்ட சொல்லிட்டேன். அவரு மட்டும் யாருமே இல்லன்னு சத்தியம் பண்றாரு. முப்பத்தொரு வயசு. யாருமே இல்லயா? தினமும் வாய்க்குள்ள பார்க்கறவ நான். சொத்தை எங்கயோ இருக்கு, எக்ஸ்ரேல தெரிய மாட்டேங்குது."

சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பதிமூணாம் நம்பர் வளையம் சரியா இருக்கும், டாக்டர்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா, அவன் கல்யாணத்துக்கு என்ன பரிசு என்று கேட்டாள். எண் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"நம்பரா? ஊரெல்லாம் நம்பர் எடுத்துக் குடுக்கறே. உனக்கு ஒண்ணு எடுக்க மாட்டேங்கறியே." அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் நல்லவனாத்தானே தெரிஞ்சான்? மழையில ஒருநாள் உன்னைக் கொண்டுவந்து விட்டானே, குடையோட."

"ஆமாம்மா."

"பாதி நனைஞ்சு நின்னான். துண்டு குடுத்தேன். துண்டைத் திருப்பிக் குடுக்கவே இல்ல, பாவி."

கல்யாண மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. மேடைக்குப் பின்னால் வெள்ளைத் திரையில் 11346205609 ஆளுயரத்துக்கு நின்றது. எங்கள் கடை வழக்கப்படி ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு விளையாட்டு நடக்கும். அதற்குச் சவால் என்று பெயர். விருந்தினர்கள் நான்கு இலக்கத்துக்குள் எந்த எண்ணையும் கத்தலாம். அந்த எண்ணால் எங்கள் எண்ணை வகுத்துத் திரையில் காட்டுவோம். மீதி வந்துகொண்டே இருக்கும். வரவரக் கைதட்டல் கூடும். வழக்கமாக மைக் பிடிப்பது ஆறடி. தன் கல்யாணத்திலும் அவன் மைக்கை விடவில்லை. மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு நான்.

"ரெண்டு!" என்று ஒரு குழந்தை கத்தியது.

"கண்ணு, ஒன்பதுல முடியுது பாரு. ரெண்டு எப்படிப் போகும்? போய் உங்கம்மாவை டியூஷன்ல சேரச் சொல்லு."

சிரிப்பு.

"ஏழு!" மீதி நான்கு. "பதிமூணு!" மீதி பதினொன்று.

அவனுடைய பெரியப்பா எழுந்து நின்றார். "நான் பொறந்த வருஷம் போடு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு."

மீதி எண்ணூற்று ஒன்று.

"பெரியப்பா, நீங்க பொறந்ததால ஒண்ணும் பிரயோஜனம் இல்லன்னு பெரியம்மா அப்பவே சொன்னாங்க!"

மண்டபம் குலுங்கியது. பெரியம்மா கையை ஓங்கிக் காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஆயிரத்து இருநூத்தி முப்பத்தி..." என்று இழுத்தார். என் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. "...நாலு!" என்று முடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் அதைக் கேட்பார். மீதி நூற்றைந்து. நான் மூச்சு விட்டேன்.

அத்தோடு முடிந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் விளக்கு மாற்றிப் பாட்டுப் போட்டிருப்பார்கள்.

"அவ்வளவுதானா?" என்றான். "முந்நூறு பேரு, ஒருத்தராலயும் முடியலயா? அப்போ எங்க ஆபீஸ் ஆளையே கேட்டுடுவோம்." மைக்கோடு என் பக்கம் வந்தான். "இவதான் இந்த நம்பரை எடுத்தவ. பேரு மியூட். பொறந்தப்ப அழுததோட சரி, அதுக்கப்புறம் வாயே திறக்கல. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்வாங்க. இவ ஈ எறும்பைக்கூடக் கெடுக்க மாட்டா. என்ன மியூட், நீ ஒண்ணு சொல்லேன்? சும்மா சொல்லு. சத்தம் மட்டும் குறைச்சு."

முந்நூறு பேரும் சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க, அவங்களை ஏன்..." என்றார். அவன் மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தான். சிரித்துக்கொண்டே காத்திருந்தான். நான் தலையாட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும். மைக் பிடித்த விரலில் மோதிரம் மினுங்கியது.

"ஆயிரத்து இருநூத்தி முப்பத்தேழு" என்றேன்.

என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போல் இருந்தது. நானே தட்டினேன். திரை மாறியது.

ஈவு 9172357. மீதி 0.

யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டுமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. "போயிடுச்சு!" என்று அந்தக் குழந்தை மட்டும் கத்தியது.

"தப்பா அடிச்சுட்டா" என்று அவன் சிரித்தான். குனிந்து, தன் கையாலேயே ஒவ்வொரு இலக்கமாக அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழு.

மீதி 0.

முன்வரிசையில் அக்கா எழுந்துவிட்டார். "என்னடா இது? பச்சை குடுத்தது நீதானே?"

"அக்கா, சிஸ்டத்துல ஏதோ... பார்க்கறேன்க்கா..." அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எண் அவனுக்கு இன்னும் புரியவில்லை. நாட்களை அவன் எண்ணியதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பல் டாக்டர் மேடையின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தார். திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"அது என்ன நம்பர்?" என்று மெதுவாகக் கேட்டார். "யோசிக்காமச் சொன்னீங்களே. என்ன நம்பர் அது?"

"கணக்குல அவ கெட்டிக்காரி, ஏதோ குருட்டாம்போக்குல..." என்று அவன் குறுக்கே வந்தான். மைக் இன்னும் அவன் கையில் இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். இறுகப் பிடித்திருந்தான். விரல்களை விலக்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கு மோதிர அளவு பார்க்க வந்தப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க, டாக்டர். நான் பதில் சொல்லல" என்றேன். "அது இவர் என்கூட இருந்த நாளோட கணக்கு."